ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வடக்கே புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேர வேண்டிய ஊர் குயின்ஸ்லாந்து எல்லையோரம் இருக்கும் பேர்ட்ஸ்வில். முதல் 600 கி.மீ. நல்ல தார்ச்சாலை. மாரி என்ற சிற்றூரைத் தாண்டினால் பேர்ட்ஸ்வில் ட்ராக் தொடங்கிவிடும். மொத்தம் 517 கி.மீ. மண்சாலை. நடுவழியில் மங்கரானியில் ஒரு விடுதி உண்டு. அதை விட்டால் வேறு ஒதுங்க இடமில்லை. வழிநெடுக, 'கிப்பர்' என்று அந்நாட்டார் சொல்லும் கெட்டிக் கற்கள் பரவிக் கிடக்கும். பேர்ட்ஸ்வில்லிலிருந்து மேற்கே 35 கி.மீ. போனால் 'பிக் ரெட்' என்ற சிவந்த மணல்மேடு நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 40 மீட்டர். அதற்கு அப்பால் சிம்ப்சன் பாலைவனத்தின் மணல்மேடுகள் ஆயிரத்துக்கும் மேல், ஒன்றுக்கொன்று இணையாக, வரிசைகட்டிக் கிடக்கின்றன.

தார், கல், மணல். மழை பெய்துவிட்டால் நான்காவதாகக் களிமண்ணும் சேர்ந்துகொள்ளும். பயணமோ ஒன்று, டயரோ ஒரே ஒரு செட். தார்ச்சாலை கேட்பதை மணல் கேட்பதில்லை. மணலுக்குப் பிடித்தது கல்லுக்கு ஆகாது. இந்த நான்கையும் ஓரளவு சமாளிக்கும் டயருக்குத்தான் ஆல்-டெரெயின் என்று பெயர். எல்லாத் தரைக்குமான டயர் என்று சொல்லி விற்கிறார்கள். எந்தத் தரையிலும் முதல் மதிப்பெண் வாங்காத, எந்தத் தரையிலும் தோற்றுப்போகாத டயர் என்று புரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது.

கடைக்குப் போகும் பத்துப் பேரில் ஒன்பது பேர் டயரின் முகத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டை, பெரிதாக, முரட்டுத்தனமாக இருந்தால் வண்டி எங்கும் போகும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் பாலைவனத்தின் நடுவே வண்டி நின்றுபோவதற்கு பட்டன் காரணமாக இருப்பது அபூர்வம். பக்கச்சுவர் கிழிந்திருக்கும், அல்லது காற்று தப்பாக இருந்திருக்கும். ஆகவே முகத்தைக் கடைசியில் பார்ப்போம். உள்ளே இருக்கும் காற்றிலிருந்து தொடங்குவோம்.

சுமப்பது காற்று

முழுச் சுமை ஏற்றிய ஹைலக்ஸின் எடை ஏறத்தாழ 3 டன். டயர்களில் 35 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது. இது ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 2.46 கிலோ அழுத்தம். டயரின் ரப்பர் ஒரு பை மட்டுமே. எடையைத் தாங்குவது பெரும்பாலும் அதற்குள் அடைபட்ட காற்று. எனவே ஒரு சின்ன வகுத்தல் போதும். 3,000 கிலோவை 2.46-ஆல் வகுத்தால் சுமார் 1,220 சதுர செ.மீ. நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு இவ்வளவுதான். இரண்டு ஏ4 தாள்களை விரித்து வைத்தால் கிட்டத்தட்ட இதே அளவு வரும். 3 டன் வண்டியின் பிரேக்கும் திருப்பமும் ஏற்றமும் அந்த இரண்டு தாள் பரப்புக்குள்தான் நடக்கின்றன. பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையான அளவு சற்று மாறும். கணக்கின் போக்கு மாறாது.

இப்போது காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். அதே எடைக்குப் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். டயர் அகலமாகப் பரவுவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும். ஒரு பைசா செலவில்லாமல் டயரின் குணமே மாறிவிட்டது.

இதைப் பாலைவனத்தில் செய்து காட்டியவர் ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் எகிப்து, லிபியா மணற்பரப்புகளில் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டிப் பழகியவர். டயரில் காற்றைக் குறைப்பது, சிக்கிக்கொண்டால் சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடுகளைச் செருகுவது ஆகிய வழிகளை அவரும் நண்பர்களும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1940-இல், போர்க்காலத்தில், அந்த அனுபவத்தை வைத்தே செவர்லே லாரிகளோடு ஒரு பாலைவனப் படைப்பிரிவை உருவாக்கினார். மணல் காற்றில் நகரும் விதம் பற்றி அவர் எழுதிய நூல் 1941-இல் வந்தது. மணல்மேடுகளை ஆராய்பவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

காற்றைக் குறைத்தால் மணலில் பிடிப்பு கூடுகிறது என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் சரி. போலந்தில் பிறந்து அமெரிக்கா சென்ற மியெசிஸ்வாஃப் பெக்கர், சக்கரத்துக்கும் மண்ணுக்கும் இடையிலான விசைகளை 1950-களில் ஒரு தனித் துறையாகவே வளர்த்தார். அவர் பயன்படுத்திய அடிப்படைச் சமன்பாட்டில் இரண்டு உறுப்புகள் உண்டு. மண் தரும் உந்துவிசை இவற்றின் கூட்டுத்தொகை. ஒன்று, மண்ணின் ஒட்டுந்தன்மையைத் தொடுபரப்பால் பெருக்க வருவது. மற்றொன்று, மண்துகள்களின் உராய்வை வண்டியின் எடையால் பெருக்க வருவது. உலர்ந்த மணலில் ஒட்டுந்தன்மை கிட்டத்தட்ட பூஜ்யம். ஆகவே முதல் உறுப்பு காணாமல்போகிறது; பரப்பைக் கூட்டினாலும் உந்துவிசை பெரிதாகக் கூடாது. பின் காற்றைக் குறைத்ததும் வண்டி ஏன் ஏறுகிறது? டயர் மணலில் புதைவது குறைகிறது. புதைந்த சக்கரம் தன் முன்னே தானே எழுப்பிய மணல் திட்டில் ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். புதையாத சக்கரத்துக்கு அந்த வேலை இல்லை. அதாவது பிடிப்பு அப்படியேதான் இருக்கிறது, எதிர்ப்புதான் குறைந்துவிட்டது.

ஈரக் களிமண்ணில் கதை தலைகீழ். அங்கே உராய்வு ஏறக்குறைய இல்லை, ஒட்டுந்தன்மை மட்டும் உண்டு. எனவே பரப்பும், மண்ணைக் கடித்து நிற்கும் பட்டனும் அங்கேதான் உதவும். மணலில் அதே முரட்டுப் பட்டன் குழி பறிக்கும். பிக் ரெட் மேட்டில், சேற்றுக்கென்றே செய்த மட்-டெரெயின் டயரைவிடச் சாதுவான ஆல்-டெரெயின் சுலபமாக ஏறுவதன் காரணம் இதுதான்.

பெக்கரின் அறிவு பின்னாளில் நிலவுக்கும் போனது. 1971-இல் அப்போலோ 15 கொண்டுசென்ற நிலவு வண்டியின் வடிவமைப்பில் அவர் பங்காற்றினார். அதன் சக்கரங்களின் விட்டம் சுமார் 82 செ.மீ., ஏறத்தாழ ஒரு பிக்கப் டயரின் அளவு. அதில் ரப்பரும் இல்லை, காற்றும் இல்லை. பின்னிய எஃகுக் கம்பி வலையும் அதன் மேல் டைட்டானியப் பட்டைகளும்தான். நிலவுத் தூசியில் புதையாமல் மிதக்க, வளைந்து கொடுக்கும் சக்கரம் போதுமானதாக இருந்தது.

பட்டன் செய்யும் வேலை

1946-இல் மிஷலின், உள்நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. கார்களுக்கு அது நல்ல பிடிப்பையும் நீண்ட ஆயுளையும் தந்தது. ஆனால் காட்டுவழி வண்டிகள் வெகுகாலம் பழைய குறுக்கு நூல் டயர்களிலேயே ஓடின. 1976-இல் அமெரிக்காவின் பிஎஃப் குட்ரிச் நிறுவனம் ரேடியல் கட்டமைப்பின் மேல் முரட்டுப் பட்டன்களை வைத்து ஆல்-டெரெயின் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயங்கள் அதற்குச் சோதனைக்களம். இன்று கடையில் கிடைக்கும் எல்லா ஆல்-டெரெயின் டயரும் அந்த வழிவந்தவைதான்.

ரப்பர் தார்ச்சாலையைப் பிடிப்பது இரண்டு விதத்தில். ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் சாலைப் பரப்போடு கணநேரம் ஒட்டிப் பிரிகின்றன. இரண்டு, சாலையின் சிறு கல்முனைகள் மேல் ரப்பர் படிந்து வளைந்து, மீண்டும் நிமிர்கிறது. வளையும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் நிமிரும்போது அது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. அந்த இழப்புதான் உராய்வாக வண்டியை நிறுத்துகிறது. முதல் விதத்துக்குக் காய்ந்த, சுத்தமான சாலை வேண்டும். மழையில் அது வெகுவாகக் குறைந்து, இரண்டாவதுதான் கைகொடுக்கும்.

இந்த இரண்டுக்கும் வேண்டியது தரையைத் தொடும் ரப்பர். பட்டன்களுக்கு இடையே பள்ளம் கூடக்கூட, தொடும் ரப்பர் குறைகிறது. மேலும், உயரமான பட்டன் பிரேக் பிடிக்கும்போது சாய்கிறது, நெளிகிறது. நெடுஞ்சாலை டயரின் பட்டன் ஆழம் புதிதில் 8 மி.மீ. அளவில் இருக்கும், லாரி ரக ஆல்-டெரெயினில் 12 மி.மீ. வரை. அந்த 4 மி.மீ. மண்சாலையில் ஆயுளைக் கூட்டும். ஈரமான தாரில் வண்டி நிற்கும் தூரத்தையும் கூட்டும். எரிபொருள் செலவும் சற்று ஏறும்.

சத்தமும் பட்டனின் பிள்ளைதான். ஒவ்வொரு பட்டனும் தரையில் தட்டி, பள்ளத்தில் சிக்கிய காற்றை நசுக்கி வெளியேற்றுகிறது. எல்லாப் பட்டனும் ஒரே நீளமாக இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும். அதனால் வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே பட்டன்களை இரண்டு மூன்று நீளங்களில் கலந்து அடுக்குகிறார்கள். சத்தத்தின் அளவு பெரிதாகக் குறையாது. பல சுருதிகளாகச் சிதறிப்போவதால் காது பொறுத்துக்கொள்ளும். ஒரு ஆல்-டெரெயின் டயரைச் சுற்றிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துப் பட்டன்கள் நீளத்தில் வேறுபடுவதைக் கண்ணாலேயே காணலாம். பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன ரப்பர் முகடுகளும் தெரியும். பள்ளத்தில் கல் சிக்கி, மெல்ல உள்ளே துளைத்துக்கொண்டு போகாமல் இருக்க அவை உதவுகின்றன.

மழைச் சாலையில் காற்றழுத்தத்தின் பங்கு இன்னும் வியப்பானது. 1963-இல் நாசாவின் வால்டர் ஹார்ன், விமான டயர்கள் ஓடுதளத்தில் தேங்கிய நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தை ஆராய்ந்து ஓர் எளிய விதியைத் தந்தார். டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் அந்த வேகம் மணிக்கு இத்தனை நாட்டிக்கல் மைல் என்று கிடைக்கும். பட்டன் தேய்ந்து மொட்டையான டயருக்கும், பள்ளத்தைவிட ஆழமாக நீர் நிற்கும் சாலைக்கும் பொருந்துவது இந்த விதி. 35 பி.எஸ்.ஐ.க்குக் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 99 கி.மீ. வருகிறது, 18 பி.எஸ்.ஐ.க்கு 71 கி.மீ. மணலுக்காக இறக்கிய காற்றை ஏற்றாமல் தார்ச்சாலைக்கு வந்தவர், மழை பிடித்துக்கொண்டால் எவ்வளவு சீக்கிரம் பிடியை இழப்பார் என்று இதிலிருந்தே தெரியும்.

கல் கடிக்கும் இடம்

ரேடியல் டயரின் மேல்முகத்தில், பட்டன்களுக்கு அடியில், இரண்டு எஃகுக் கம்பிப் பட்டைகள் ஓடுகின்றன. கூரிய கல்லுக்கு அவை லேசில் விட்டுக்கொடுக்காது. பக்கச்சுவரிலோ எஃகு கிடையாது. பாலியெஸ்டர் நூல் அடுக்குகள் இரண்டோ மூன்றோ, அவற்றின் மேல் சில மி.மீ. ரப்பர், அவ்வளவுதான். வளைந்து வளைந்து அதிர்ச்சியை வாங்க வேண்டிய இடம் என்பதால் அதை மெல்லிதாகத்தான் வைக்க முடியும். மேல்முகத்தில் ஏறிய ஆணியை எடுத்துவிட்டுப் பஞ்சர் ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டு நிற்காது. ஸ்டெப்னியைத்தான் மாட்ட வேண்டும். கிப்பர் கற்கள் தேடுவது இந்த இடத்தைத்தான்.

இங்கே காற்றைக் குறைப்பதில் ஒரு சிக்கல் வருகிறது. காற்று குறைந்த டயர், கல்லின் மேல் ஏறும்போது அதைச் சுற்றிப் படிந்துகொள்கிறது. விசை பரவுவதால் குத்து விழும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் காற்று மிகவும் குறைந்தால் பக்கச்சுவர் வெளியே புடைத்து, தரைக்கு அருகே தாழ்ந்து, பக்கத்தில் கிடக்கும் கல்லுக்குத் தன்னையே நீட்டிக் கொடுக்கிறது. மணலுக்கு 16-18 பி.எஸ்.ஐ. சரி, கல்சாலைக்கு அது ஆபத்து. அங்கே 26-30 பி.எஸ்.ஐ. என்பது அனுபவசாலிகள் சொல்லும் நடுவழி.

ரப்பரின் கலவையும் இங்கே பேசும். கடினமான மண்சாலைக்கான டயரில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதலாக இருக்கும். காரணம் அதன் மூலக்கூறு அமைப்பு. இயற்கை ரப்பரை வலுவாக இழுத்தால் அதன் சங்கிலிகள் நேராகி, ஒழுங்காக அடுக்கி, அந்த இடத்தில் மட்டும் படிகமாகிவிடும். ஒரு வெட்டின் நுனியில்தான் இழுவிசை மிக அதிகம். ஆகவே வெட்டு பரவ முயலும் அதே இடத்தில் ரப்பர் தானாகவே கெட்டிப்பட்டு அதை மறிக்கிறது. இழுவை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். செயற்கை ரப்பரான எஸ்.பி.ஆரின் சங்கிலிகள் ஒழுங்கற்றவை என்பதால் இந்த வித்தை அதற்கு வராது. மரம் தரும் பாலுக்கு இன்றுவரை முழு மாற்று கிடைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெப்பம் என்ற எதிரி

கிப்பரை அடுத்து வருவது சாலையின் 'அலை'. மண்சாலையில் குறுக்கே வரிவரியாக எழும் மேடுபள்ளங்கள் வண்டியின் எலும்பை எண்ணிவிடும். ஆஸ்திரேலிய இயற்பியலாளர் கீத் மேதர், வட்டமாகச் சுழலும் சக்கரம் ஒன்றை மணலில் ஓடவிட்டு இதை ஆராய்ந்து 1963-இல் எழுதினார். 2007-இல் டாபர்லே, மோரிஸ், மெக்எல்வேய்ன் ஆகியோர் மேலும் துல்லியமாகச் செய்து பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே இருந்தது. அந்த வேகத்தைத் தாண்டியதும் சின்ன ஏற்ற இறக்கங்கள் வளர்ந்து அலைகளாயின. ஆனால் அந்த வேகம், நடைமுறையில் யாரும் ஓட்டாத அளவு குறைவு. ஆகவே அலை இல்லாத மண்சாலை வேண்டுமென்றால் சாலையில் வண்டியே ஓடக்கூடாது.

இந்த அலைகளின் மேல் ஓடும் டயர் ஓயாமல் வளைகிறது. அலையே இல்லாவிட்டாலும் வளைவு தப்பாது. சுற்றளவு சுமார் 2.4 மீட்டர் உள்ள டயர், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 11 முறைக்கு மேல் சுழல்கிறது; பக்கச்சுவரின் ஒவ்வொரு புள்ளியும் அத்தனை முறை மடங்கி நிமிர்கிறது. பேர்ட்ஸ்வில் ட்ராக்கின் 517 கி.மீ.க்கு இது 2 லட்சம் முறைக்கும் மேல். ஒவ்வொரு மடக்குக்கும் கொஞ்சம் வெப்பம். காற்று குறைவு, சுமை அதிகம், வேகம் அதிகம், வெயில் கடுமை ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தால் எஃகுப் பட்டைகளுக்கு இடையே உள்ள ரப்பர் தளர்ந்து, மேல்முகமே உரிந்துபோகலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏடிஎக்ஸ், வில்டர்னஸ் ஏடி என்ற பெயர்களில் விற்ற சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் மாட்டியவை. பட்டைகள் பிரிந்து, வண்டி கவிழ்ந்து நேர்ந்த சாவுகள் 271 என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. வெப்பம் மிகுந்த தென்மாநிலங்களில்தான் சம்பவங்கள் அதிகம். டயரின் பட்டை வடிவமைப்பில் குறை இருந்ததாக ஆணையத்தின் ஆய்வு சொன்னது. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பி.எஸ்.ஐ. மட்டுமே, அது போதாது என்று டயர் நிறுவனம் வாதிட்டது. பழி யாருடையது என்று இரு நிறுவனங்களும் சண்டையிட்டுக்கொண்டன. அந்த ஆண்டே வந்த சட்டத்தின் விளைவாக, அங்கே புதிய கார்களில் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி பின்னர் கட்டாயமானது.

டயருக்குள் என்ன வெப்பம் என்று அறிய ஒரு காற்றழுத்த கேஜ் போதும். குளிர்ந்த டயரில் 35 பி.எஸ்.ஐ. வைத்துப் புறப்பட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிய பின் மறுபடி அளந்து பாருங்கள். 39 காட்டினால், வாயுவின் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தே ஏறும் என்ற பழைய விதிப்படி, உள்ளே ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. ஆஸ்திரேலியப் பிக்கப் ஓட்டிகள் இந்த 4 பி.எஸ்.ஐ. உயர்வையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஏறினால் டயர் அளவுக்கு மீறி மடங்குகிறது. தொடக்கக் காற்று போதவில்லை, அல்லது வேகம் அதிகம். ஏறாமல் 1, 2-இல் நின்றால் காற்று தேவைக்கு மேல் இருக்கிறது.

பக்கச்சுவரைப் படிப்பது

கடையில் டயரைச் சாய்த்து வைத்துப் பக்கச்சுவரைப் பாருங்கள். ஒன்றில் '265/65 ஆர்17 112 எஸ்' என்று இருக்கும். பக்கத்திலேயே இன்னொன்றில் 'எல்டி 265/65 ஆர்17 120/117 எஸ்'. பட்டன் ஒன்றுபோலவே தெரியும். விலையில் வித்தியாசம் இருக்கும், தூக்கிப் பார்த்தால் எடையிலும் சில கிலோ வித்தியாசம் இருக்கும்.

265 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது 172 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 17 அங்குலம் ரிம்மின் விட்டம். கடைசி எஸ், மணிக்கு 180 கி.மீ. வரை தாங்கும் என்பதன் குறி. நடுவில் நிற்கும் எண்தான் முக்கியம். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 120 என்றால் 1,400 கிலோ. பின்னால் வரும் 117, ஒரு பக்கத்துக்கு இரட்டை டயர் போடும் வண்டிகளுக்கான 1,285 கிலோ.

எல்டி என்ற இரண்டு எழுத்து, இலகு லாரிக்கான கட்டமைப்பு என்பதைக் காட்டுகிறது. அதில் நூல் அடுக்குகள் கனமானவை, ரப்பர் தடிமன் கூடுதல், பக்கச்சுவர் வெட்டை நன்றாகத் தாங்கும். அதோடு 'சி', 'டி', 'இ' என்று ஒரு வரிசையும் வரும். இவற்றை 6, 8, 10 'ப்ளை' என்று கடைக்காரர் சொல்வார். உள்ளே உண்மையில் பத்து அடுக்கு கிடையாது. பருத்தி நூலால் டயர் செய்த காலத்தில் அத்தனை அடுக்கு தந்த வலிமைக்குச் சமம் என்பதே பொருள். இ ரகம் 80 பி.எஸ்.ஐ. வரை காற்றைத் தாங்கும்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அதே சுமைக்கு, எல்டி டயருக்குச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் பட்டியலில் உள்ள அளவு, கம்பெனி மாட்டிக்கொடுத்த டயருக்கானது. எல்டிக்கு மாறியவர் டயர் நிறுவனத்தின் சுமை-காற்று அட்டவணையைப் பார்த்துத்தான் புது அளவை வைக்க வேண்டும்.

சில டயர்களில் 'எம்+எஸ்' என்ற குறியும், மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னமும் இருக்கும். முன்னது பட்டன் வடிவத்தைப் பார்த்து நிறுவனமே போட்டுக்கொள்வது. பின்னது, பனியில் இழுத்துப் பார்த்துத் தேறிய பிறகே கிடைப்பது. சிம்ப்சன் பாலைவனத்துக்குப் போகிறவருக்கு இரண்டாலும் பயனில்லை. நான்கு இலக்கத்தில் தயாரிப்புத் தேதியும் இருக்கும். '1425' என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். அதைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும்.

பெரிது வேண்டுமா?

டயர் மாற்றும்போது ஒரு சைஸ் பெரிதாகப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். 265/65 ஆர்17 டயரின் மொத்த விட்டம் 776 மி.மீ. அதை 265/70 ஆக்கினால் 803 மி.மீ. தரையிலிருந்து வண்டி உயர்வது அதில் பாதி, 13 மி.மீ. மட்டுமே. கிடைத்தது ஒரு விரல்கடை உயரம். கொடுத்தது என்ன? ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-இல் ஓடும். கியர்கள் 3 சதவீதத்துக்கும் மேல் மந்தமாகும். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ரிம்மைப் பெரிதாக்குவதோ முழு நட்டம். ஹைலக்ஸிலேயே 265/65 ஆர்17, 265/60 ஆர்18 என்று இரண்டு அளவுகள் உண்டு. இரண்டின் வெளிவிட்டமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் 18 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் 159 மி.மீ. தான், 13 மி.மீ. குறைவு. காற்றை இறக்கினால் மடங்க வேண்டிய பகுதி அதுவே. கல்லில் இடித்தால் ரிம்மைக் காப்பாற்றுவதும் அதுவே. பளபளக்கும் பெரிய ரிம் ஷோரூமுக்கு அழகு, மண்சாலைக்குச் சுமை.

தேர்வு

இப்போது கடைக்குள் போகலாம். முதல் கேள்வி: வருடத்தில் நீங்கள் ஓட்டும் தூரத்தில் தார்ச்சாலை எவ்வளவு? பத்தில் ஒன்பது பங்கு தார் என்றால், எல்டி அல்லாத சாதாரண ரக ஆல்-டெரெயின் போதும். 2022 முதல் இந்தியாவிலும் ஹைலக்ஸ் விற்கிறது. நம்மூரில் பிக்கப் வாங்குவோரில் பெரும்பாலோர் இந்த வகைதான். கனமான எல்டி டயரைப் போட்டுக்கொண்டு சென்னை-மதுரை சாலையில் ஓடுவது டீசலுக்கும் முதுகுக்கும் வீண் தண்டனை. மழையில் பிரேக்குக்கும் கூடத்தான்.

இரண்டாவது: சுமை எவ்வளவு? பின்பக்கத்தில் டன் கணக்கில் ஏற்றுபவர், கூரை மேல் கூடாரம் கட்டுபவர், பின்னால் டிரெய்லர் இழுப்பவர் ஆகியோர் முதலில் சுமை எண்ணைப் பார்க்கட்டும். வண்டிக் கையேட்டில் சொன்ன எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக்கூடாது.

மூன்றாவது: டயர் கிழிந்தால் உதவி எவ்வளவு தூரத்தில்? பேர்ட்ஸ்வில் ட்ராக் மாதிரி இடத்துக்கு வருடம் ஒருமுறையேனும் போகிறவருக்கு எல்டி கட்டமைப்பு ஆடம்பரமில்லை, தேவை. நான்கு அல்ல, ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே ரகம். தினமும் சேற்றிலேயே உழலும் தோட்ட வண்டிக்கு மட்டும் மட்-டெரெயின். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம்.

பட்டனின் அழகு நான்காவதாக வரட்டும். முதல் மூன்றில் தேறிய இரண்டு டயர்களுக்கு இடையே எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை.

கடைசியாக ஒன்று. நல்ல கேஜ் ஒன்றும், வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரஸர் ஒன்றும் சேர்த்தாலும் ஒரு டயரின் விலையைத் தாண்டாது. டயரை மாற்றும் முன் அவற்றை வாங்குங்கள். மணலுக்கு இறக்கி, தாருக்கு ஏற்றப் பழகியவரின் சாதாரண ஆல்-டெரெயின், காற்றைத் தொடாமலே ஓட்டுபவரின் விலையுயர்ந்த டயரைவிட அதிக தூரம் போகும்.